போன் இல்லாத ஒரு வேளைச் சாப்பாடு: கொங்குக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வலது கை சோற்றைப் பிசைகிறது. இடது கைக் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வட்டிலில் என்ன குழம்பு ஊற்றினார்கள் என்று கேட்டால் சட்டென்று சொல்லத் தெரியாது. கோயமுத்தூர் அடுக்குமாடி வீட்டிலும் காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீடான சாளையிலும் இன்று இதே காட்சிதான்.

இதை மாற்ற வேண்டும் என்று நினைக்காத வீடு குறைவு. நினைத்தும் ஏன் நடப்பதில்லை? மன உறுதி போதவில்லை என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. நம் பக்கத்தில் போன் வெறும் பொழுதுபோக்குப் பெட்டி அல்ல. தோட்டத்து மோட்டார் அதில் ஓடுகிறது, லாரிக்கு லோடு அதில் வருகிறது, வெளியூரில் இருக்கும் பிள்ளையின் குரல் அதில்தான் கேட்கிறது, கைக்குழந்தைக்குச் சோறூட்டுவதும் அதை வைத்துத்தான். இத்தனை வேலைகளுக்கும் வேறு நேரமும் வேறு வழியும் காட்டாமல் “சாப்பிடும்போது போனை எடுக்காதே” என்று மட்டும் சொன்னால், அந்தக் கட்டளை மூன்று நாள் தாங்காது. கீழே சொல்லப்போகும் படிகளெல்லாம் அந்த வழிகளைப் பற்றியவை.

முதல் படி: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

எந்த அறிவிப்பும் வேண்டாம். வீட்டில் யார், எப்போது, எதற்காகப் போனை எடுக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் சாப்பிடும் நேரத்தில் அல்ல, காத்திருக்கும் நேரத்தில்தான் போன் கைக்கு வருகிறது: அடுத்த தோசை வரும்வரை, ரசம் வரும்வரை, தான் முடித்த பிறகு மற்றவர்கள் முடிக்கும்வரை. அழைப்பு வந்து எடுப்பது அதற்கு அடுத்தபடிதான். எது எப்போது நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 300-க்கும் மேற்பட்டவர்களை நண்பர்களோடும் குடும்பத்தாரோடும் ஓர் உணவகத்தில் சாப்பிட வைத்தார்கள். ஒரு பாதியினர் போனை மேசைமேல் வைத்திருந்தார்கள். மறுபாதியினர் எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டார்கள். போனை அருகில் வைத்திருந்தவர்களின் கவனம் அதிகம் சிதறியது. அந்தச் சாப்பாட்டை அவர்கள் குறைவாகவே ரசித்தார்கள். 2018-இல் வெளியான ஆய்வு இது. வேறுபாடு மிகப் பெரியதல்ல. ஆனால் ஒரே ஒரு சாப்பாட்டிலேயே அது தெரிந்திருக்கிறது. நாமோ வருடம் முழுவதும் இப்படியே சாப்பிடுகிறோம்.

இரண்டாம் படி: ஒரே ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று வேளையும் வேண்டாம், தினமும்கூட வேண்டாம். உங்கள் வீட்டுப் பிழைப்பு எந்த வேளையை விட்டுவைக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வரும்போது பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். அந்த வீட்டில் தினமும் இரவு சேர்ந்து சாப்பிடலாம் என்பது பேச்சுக்குத்தான் அழகு. சனிக்கிழமை சம்பளம் வந்து, ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துச் சமைக்கும் மதியச் சாப்பாடுதான் அவர்களுக்கு உகந்தது. பள்ளிபாளையம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இரவு ஷிப்ட் உள்ள வாரத்தில் காலைச் சாப்பாடே குடும்பச் சாப்பாடாக இருக்கலாம். மாடு வைத்திருக்கும் வீட்டில் சாயங்காலம் பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, குளித்த பிறகு வரும் நேரம் நல்ல நேரம்.

எல்லோரும் வந்தால்தான் தொடங்குவோம் என்று காத்திருக்கவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் இரண்டு பேர் போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டாலே அது தொடக்கம்தான்.

மூன்றாம் படி: அவசர அழைப்புக்கு ஒரு வழி வையுங்கள்

“ஏதாவது அவசரம் என்றால்?” என்னும் கேள்விதான் போனை மறுபடியும் வட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது. நியாயமான கேள்வி, ஆகவே நேராகவே பதில் சொல்ல வேண்டும். எல்லா ஸ்மார்ட்போன்களிலும் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ என்னும் வசதி இருக்கிறது. அதைச் சாப்பாட்டு நேரத்துக்குத் தானாகவே இயங்கும்படி நேரம் குறித்து வைக்கலாம். அதற்குள் இரண்டு அமைப்புகள் முக்கியம்.

ஒன்று, குறிப்பிட்ட எண்களுக்கு மட்டும் மணி அடிக்க வைப்பது. ஆண்ட்ராய்டில் அந்த எண்களுக்கு நட்சத்திரக் குறி போட்டு, நட்சத்திரம் போட்டவர்களின் அழைப்புக்கு மட்டும் அனுமதி என்று குறித்து வைத்தால் போதும். வயதான பெற்றோர், பிரசவ நாள் நெருங்கிய மகள், லாரியில் போயிருக்கும் தம்பி ஆகியோரின் எண்கள் அதில் இருக்கட்டும். நான்கைந்துக்கு மேல் சேர்த்தால் பயன் இல்லை.

இரண்டாவது, திரும்ப அழைப்பவர்களை அனுமதிப்பது. ஆண்ட்ராய்டில் ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் மணி அடிக்கும். ஐபோனில் இந்த இடைவெளி 3 நிமிடம். இதை வைத்துவிட்டு, தொழில் தொடர்பானவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: “எட்டரையிலிருந்து ஒன்பது வரை சாப்பாட்டு நேரம். அவசரம் என்றால் உடனே இன்னொரு முறை கூப்பிடுங்கள்.” இரண்டாம் முறை கூப்பிடுகிறவர்கள் எவ்வளவு குறைவு என்பது சில நாளிலேயே தெரிந்துவிடும்.

விவசாயிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று, தோட்டத்து மோட்டாரோடு இணைத்த மொபைல் ஸ்டார்ட்டர் கூப்பிடும்; போய்த் தண்ணீர் மாற்றிவிட வேண்டும். அந்த அழைப்பைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஸ்டார்ட்டரில் போட்டிருக்கும் சிம் எண்ணுக்கும் நட்சத்திரம் போடுங்கள். அதைவிட நல்லது, மின்சாரம் வரும் முறை தெரிந்திருந்தால் அந்த வாரத்துச் சாப்பாட்டு நேரத்தை அதற்கு முன்போ பின்போ தள்ளிக்கொள்வது. தண்ணீருக்காக எழுந்து போனவர் விதியை மீறியவர் ஆகமாட்டார். இது பிள்ளைகளுக்கும் புரியும். தண்ணீர் கட்ட எழுந்தவர் திரும்பி வரும்போது போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டே வந்தால் அதுவும் அவர்களுக்குப் புரியும்.

மற்றபடி, லோடு விசாரிப்பு, முட்டை விலைச் செய்தி, ஏலத் தேங்காய் விலை, வகுப்புக் குழுவில் வரும் வீட்டுப்பாடம் எல்லாவற்றையும் உட்காருவதற்குச் சற்று முன் ஒருமுறை பார்த்து முடித்துவிடுங்கள். பார்க்காமல் உட்கார்ந்தால் மனம் முழுக்க அங்கேயே இருக்கும்.

நான்காம் படி: போன்களுக்கு ஓர் இடம்

மேசைமேல் கவிழ்த்து வைப்பது, மடியில் வைப்பது, சட்டைப் பையில் வைப்பது எதுவும் உதவாது. உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத, ஆனால் மணி அடித்தால் காதில் விழும் இடம் வேண்டும். அடுத்த அறையில் சார்ஜர் இருக்கும் அலமாரியே சரியான இடம். பழைய தொட்டிக்கட்டு வீடாக இருந்தால் ஆசாரம் என்னும் கூடத்து மாடக்குழி இருக்கவே இருக்கிறது. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை போனும் அங்கே போக வேண்டும், முதலில் போக வேண்டியது வீட்டுத் தலைவரின் போன். பதினைந்து வயதுப் பையன் தன் போனை வைப்பதற்கு முன் அப்பாவின் போன் அங்கே இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். அப்படிப் பார்க்க அவனுக்கு உரிமை உண்டு.

அப்புறம் தொலைக்காட்சி. இரவு எட்டு மணித் தொடரை ஆத்தா பார்த்துக்கொண்டிருக்க, பேரனிடம் மட்டும் போனைப் பிடுங்கினால் அவன் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது. பெரியவர்களுக்குக் கட்டளை இட முடியாது, இடவும் கூடாது. தொடர் முடிந்த பிறகு இலை போடுங்கள், அல்லது அவர்களிடமே கேளுங்கள். “ஆத்தா, நீங்கள் எங்களோடு உட்கார்ந்தால் பிள்ளைகளும் உட்காருவார்கள்” என்று பேத்தி போய்க் கூப்பிட்டால் தொடரைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வரும் ஆத்தாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாம் படி: ஒரே நேரத்தில் வந்து சேரும் சமையல்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த படி இது. போன் பிரச்சினைக்குச் சமையல் தீர்வாகும் என்று பலரும் யோசிப்பதில்லை.

தோசை போடும் இரவுகளில் போனை ஒதுக்கி வைக்கவே முடியாது. ஒன்று ஒன்றாகக் கல்லிலிருந்து வரும். முதல் தோசை பெரியவருக்கு, அடுத்தது சின்னவனுக்கு, நடுவே ஆளுக்கு நான்கு நிமிடக் காத்திருப்பு. அந்த நான்கு நிமிடத்தில் கை எங்கே போகும்? சுடுகிறவரோ அடுப்படியை விட்டு நகரவே முடியாது. எனவே குடும்பச் சாப்பாட்டு வேளைக்குத் தோசையும் சப்பாத்தியும் வேண்டாம். அவற்றுக்கு மற்ற நாட்கள் இருக்கின்றன.

நம் பக்கத்துச் சமையலில் இதற்கென்றே பிறந்த உணவு அரிசியும் பருப்பும். இரண்டு பங்கு அரிசிக்கு அரைப் பங்கிலிருந்து ஒரு பங்கு வரை துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், வரமிளகாய், மஞ்சள்தூள். எல்லாம் ஒரே குக்கரில். மூடியைத் திறந்து அப்படியே நடுவில் கொண்டுவந்து வைத்து, நெய்யோ ஊத்துக்குளி வெண்ணெயோ ஒரு கரண்டி விட்டுவிட்டால் சமைத்தவரும் உட்கார்ந்துவிடலாம். தொட்டுக்கொள்ள அப்பளம், தயிர், ஊறுகாய். யாரும் யாருக்காகவும் எழ வேண்டியதில்லை. களியும் கொள்ளுப் பருப்பும், கம்மஞ்சோறும் தயிரும், ஓர் ஈடு இட்லியும் தட்டைப்பயறுக் குழம்பும் இதே வகையில் சேரும்.

விடுமுறை நாளில் கொஞ்சம் நேரம் இருந்தால் இடியாப்பம் போன்ற சந்தகை செய்யுங்கள். ஊறவைத்து அரைத்த புழுங்கலரிசி மாவை இட்லியாக வேகவைத்து, ஆவி பறக்கும் சூட்டிலேயே பிழிய வேண்டும்; ஆறினால் மிஷின் கைப்பிடி இம்மி நகராது. மூன்று கால் வைத்த அந்த இரும்பு மிஷினை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் வெந்த மாவை உள்ளே போட வேண்டும், பலம் உள்ளவர் மேலே கைப்பிடியைச் சுற்ற வேண்டும், கீழே வெள்ளை நூலாக இறங்குவதை வட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். சின்னப் பிள்ளைகள் தேங்காய்ப் பாலுக்கு நாட்டுச் சர்க்கரை கரைக்கட்டும். இந்த வேலை நடக்கும்போது போனைத் தொட யாருக்குக் கை இருக்கிறது? வட்டில் நிரம்புவதற்குள் வீட்டில் பேச்சு தானாக வந்துவிடும். பசங்களைக் கூப்பிட்டுச் சாப்பிட உட்கார வைப்பதைவிட, கூப்பிட்டுக் கைப்பிடி சுற்ற வைப்பது எளிது.

ஆறாம் படி: பரிமாறுகிறவரும் உட்கார வேண்டும்

பழைய காலத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்தே சாப்பிட்டார்கள், போன் வந்துதான் கெடுத்தது என்று பேசுகிறோம். முழு உண்மையைச் சொன்னால், பல வீடுகளில் ஆண்களும் பிள்ளைகளும் முதலில் சாப்பிட்டார்கள். பெண்கள் பரிமாறிவிட்டு, போசியில் மிச்சம் இருந்ததைக் கடைசியில் தனியாகச் சாப்பிட்டார்கள். இன்றும் அது பல வீடுகளில் தொடர்கிறது. அந்தத் தனிமைச் சாப்பாட்டுக்குத் துணையாகத்தான் அம்மாவின் கையில் போன் வந்து சேர்ந்தது. “நீயும்தான் பார்க்கிறாயே” என்று அவரைக் குறை சொல்லும் முன் இதை யோசிக்க வேண்டும்.

அவர் உட்காராமல் மற்றவர்கள் போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டால், குடும்பத்தில் ஒருவர் வெளியே நிற்கிறார் என்றே பொருள். செய்ய வேண்டியது சிறிய வேலைதான். சோறு, குழம்பு, பொரியல், மோர், தண்ணீர்ச் சொம்பு எல்லாம் உட்காரும் இடத்துக்கு நடுவே வந்துவிடட்டும். கொண்டுவந்து வைப்பது பிள்ளைகள் வேலை, ஆண்பிள்ளைகள் உட்பட. அவரவர் கரண்டியை அவரவர் பிடிக்கட்டும். ஏதாவது மறந்துவிட்டால் எழுந்து போவது வீட்டு ஆண்களில் ஒருவராக இருக்கட்டும். முதல் சில முறை அம்மாவுக்கே உட்கார்ந்திருப்பது சங்கடமாக இருக்கும். எழுந்து எழுந்து போவார். “உட்காருங்கம்மா, நான் எடுத்துக்கொண்டு வருகிறேன்” என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே எழுந்து போங்கள். பெரியவர்கள் இதை ஒப்பாத வீடாக இருந்தால் அவர்களுக்கு முதலில் பரிமாறி முடித்துவிட்டு மற்றவர்கள் ஒன்றாக உட்காருங்கள். சண்டை போட்டுச் சேர்த்த பந்தியில் யாருக்கும் சோறு இறங்காது.

ஏழாம் படி: கைக்குழந்தைக்குத் திரை காட்டாமல் ஊட்டுவது

மிகக் கடினமான படி இதுதான், எனவே அவசரம் வேண்டாம். இரண்டு வயதுக்குக் கீழே திரையே கூடாது, இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகமும் இரண்டு வயது வரை திரை வேண்டாம் என்றே சொல்கிறது.

பாட்டு ஓடும்போது குழந்தை வாயைத் திறக்கிறது, நாம் ஊட்டுகிறோம், கிண்ணம் காலியாகிறது. ஆனால் தான் என்ன சாப்பிட்டோம், போதுமா என்பது அதற்குத் தெரிவதில்லை. பெரியவர்களுக்கும் இதே கதைதான். கவனம் வேறெங்கோ இருக்கச் சாப்பிட்டவர்கள் அந்த வேளையிலும் அதிகம் சாப்பிட்டார்கள், அடுத்த வேளையிலும் அதிகம் சாப்பிட்டார்கள் என்று 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள்.

முதலில் இடைத்தீனியைக் குறையுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு பிஸ்கட்டும் பாலும் கொடுத்துவிட்டு ஏழு மணிக்குச் சோறு ஊட்டினால் போன் இல்லாமல் எப்படி இறங்கும்? அடுத்து, குழந்தைக்கு முன்கூட்டியே தனியாக ஊட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, எல்லோரும் உட்காரும்போதே அதற்கும் ஒரு சின்ன வட்டில் வையுங்கள். பருப்புச் சோற்றை நெய் விட்டுக் குழையப் பிசைந்து, நான்கு உருண்டை மட்டும். அது தன் கையால் எடுத்து, பாதியைத் தரையில் சிந்தட்டும். துடைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் மெல்லுவதையும் பேசுவதையும் பார்ப்பதே அதற்கு வேடிக்கைதான். திண்ணையில் உட்கார்ந்து கோழியையும் கன்றுக்குட்டியையும் காட்டி ஊட்டுவதும் நல்லதுதான். அங்கே குழந்தை பார்ப்பது தன்னோடு பேசும் ஓர் ஆளை.

போனை ஒரேயடியாக நிறுத்த முடியாத வீடுகளில், ஒரு வேளையை மட்டும் முதலில் போன் இல்லாத வேளையாக்குங்கள். முதல் சில நாள் குழந்தை அழும், குறைவாகச் சாப்பிடும். அரைமணிக்கு மேல் இழுக்காமல் வட்டிலை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைக்குப் பசி வரும். எடை குறைகிறது, நோய்வாய்ப்பட்டிருக்கிறது என்றால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இதில் வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். அம்மா நிறுத்தியதை அம்மிச்சி (தாய்வழிப் பாட்டி) வீட்டில் தொடர்ந்தால் குழந்தை குழம்பிவிடும். அம்மிச்சியிடம் குற்றம் சொல்லாமல், “குழந்தைக்கு நீங்கள் கதை சொன்னால் இரண்டு வாய் கூடவே சாப்பிடுகிறான்” என்று சொல்லிப் பாருங்கள்.

எட்டாம் படி: என்ன பேசுவது?

மதிப்பெண், நீட் பயிற்சி, கடன், பங்காளித் தகராறு ஆகிய நான்கும் அந்த வேளைக்கு வேண்டாம். குறிப்பாக மதிப்பெண். நாமக்கல், ஈரோடு பக்கத்துப் பிள்ளைகள் நாள் முழுக்கத் தேர்வுகளுக்கு நடுவில்தான் இருக்கிறார்கள். வட்டிலுக்கு முன்னாலும் அதே விசாரணை என்றால், வேகமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனைத் தேடி ஓடத்தான் பார்ப்பார்கள். நாமும் அதைத்தான் செய்வோம்.

சாப்பிடும்போது பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களைப் பேச வற்புறுத்த வேண்டாம். அப்பாரு அமைதியாகச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெற்றிலை மடிக்கும்போது பேத்தி போய், “கிணறு வெட்டும்போது எத்தனை அடியில் தண்ணீர் வந்தது?” என்று கேட்கட்டும். அன்று இரவு தூங்க நேரமாகிவிடும். சாப்பாட்டு நடுவே ஒன்றும் பேசாமல் ஐந்து நிமிடம் போனாலும் பரவாயில்லை. அந்த மௌனத்தை நிரப்பத்தான் நாம் போனை எடுத்தோம். அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளப் பழகினாலே பாதி வேலை முடிந்தது.

பிள்ளைகளைப் பேச வைக்க வேண்டும் என்றால் நாம் முதலில் நம் நாளைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் துணி சாயம் மாறிப்போனது, சந்தையில் தக்காளி விலை சரிந்தது, பஸ்ஸில் பழைய வாத்தியாரைப் பார்த்தது என்று எதுவாகவும் இருக்கலாம். பெரியவர்கள் கதை சொல்லும் வீட்டில் பிள்ளைகளும் கதை சொல்வார்கள். பாஸ்டன் நகர உணவகங்களில் குழந்தைகளோடு வந்த 55 பெரியவர்களைக் கவனித்து 2014-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதில் 40 பேர் சாப்பாட்டு நேரத்தில் போனைப் பயன்படுத்தினார்கள். போனிலேயே மூழ்கிவிட்ட பெரியவர்களின் கவனத்தை இழுக்கச் சில குழந்தைகள் மேலும் மேலும் குறும்பு செய்தார்கள். நம் வீட்டுச் சேட்டைக்காரப் பிள்ளையையும் ஒருமுறை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

ஒன்பதாம் படி: ஊரில் இல்லாதவர்கள்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் மாதக்கணக்கில் வெளி மாநிலம் போயிருக்கும் அப்பா, விடுதியில் படிக்கும் மகள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் இவர்களுக்குக் குடும்பச் சாப்பாடு என்பதே போன் வழியாகத்தான். விதியின் பேரில் அவர்களை வெளியே நிறுத்துவது எனக்குச் சம்மதம் இல்லை. சாப்பிட உட்காரும் முன் பத்து நிமிடம் வீடியோ அழைப்பு போட்டு, எல்லோரும் பேசி, வட்டிலில் என்ன என்று காட்டிவிட்டு வைத்துவிடலாம். அவரும் அதே நேரத்தில் சாப்பிட முடிகிற நாளில் ஒரு போனை மட்டும் சொம்பின்மேல் சாய்த்து வைத்து, அவரையும் பந்தியில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் போனில் அந்த முகத்தைத் தவிர வேறெதுவும் திறக்கக் கூடாது. அழைப்பு முடிந்ததும் அதுவும் மாடக்குழிக்குப் போய்விட வேண்டும்.

விதி உடையும் நாளில்

உடையத்தான் செய்யும். அபராத உண்டியல், திட்டு, பறிமுதல் எதுவும் வேண்டாம். பிடுங்கிய போனைச் சுற்றி ஒரு சண்டை வந்தால், பிள்ளைகளுக்கு அந்த வேளையே கசந்துவிடும். அடுத்த முறை உட்காரும்போது நீங்கள் முதலில் கொண்டுபோய் வையுங்கள், அவ்வளவுதான்.

விருந்தாளி வந்தால் அவர்களிடம் விதியைச் சொல்ல வேண்டாம். உங்கள் போன்கள் கண்ணில் படாமல் இருந்தால் போதும். கிடாவிருந்து, கல்யாணப் பந்தி என்றால் இலை போட்டதும் ஒரு படம் எடுத்துவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள். உணவகத்தில் பரோட்டாவுக்குக் காத்திருக்கும் நேரம் நீளமாக இருக்கும். போகும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, ஒரு விடுகதையோ பல்லாங்குழிச் சோழி நாலோ கையில் வைத்திருங்கள்.

ஒரு வேளை பழகி, யாரும் நினைவூட்டாமலே போன்கள் அலமாரிக்குப் போகத் தொடங்கிய பிறகு இரண்டாவது வேளையைச் சேர்க்கலாமா என்று குடும்பத்தில் கேளுங்கள். எந்த வேளை என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். அன்றைக்கு என்ன சமையல் என்பதையும் சேர்த்து.